உள்ளே விடும் துணி

செத்த லேப்டாப்பைக் கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல ஒரே பொய்யைத்தான் சொல்வார்கள். நேற்று வரைக்கும் நன்றாக ஓடியது என்பார்கள். இருபத்திரண்டு வருஷமாக இந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. டீயைக் கொட்டியிருப்பார்கள், மாடிப்படியில் உருட்டியிருப்பார்கள், பிள்ளை மேலே ஏறி உட்கார்ந்திருக்கும். ஆனாலும் நேற்று வரைக்கும் நன்றாகத்தான் ஓடியிருக்கும். எதிர்க்கடை மாஸ்டர் ஒருத்தர்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் உள்ளதைச் சொன்னார். எட்டு மாசமாக ஓடவில்லை, ஓடுகிறதா என்று யாரும் பார்க்கவும் இல்லை என்றார்.

முதல் மாடியில் எதிரும் புதிருமாக எங்கள் இரண்டு கடைகள். நடுவில் ஆறடி நடை. என் கதவைத் திறந்து வைத்தால் அவர்களுடைய வெட்டு மேஜை முழுசாகத் தெரியும். அவர்கள் மெஷின் ஓடினால் எனக்குக் கேட்கும். நான் போனில் யாரையாவது திட்டினால் அவர்களுக்குக் கேட்கும். மாஸ்டர் சட்டையும் பேன்ட்டும் வெட்டுவார். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தைப்பார். பள்ளிக்கூடம் திறக்கிற மாசத்தில் யூனிஃபார்ம் துணி அவர்கள் கடையை நிரப்பி, நடையை நிரப்பி, என் வாசலில் வந்து நிற்கும். அதைத் தாண்டித்தான் நான் கழிப்பறைக்குப் போகவேண்டும். அதற்காக வருஷத்துக்கு ஒரு சண்டை போடுவேன். மாஸ்டர் சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு மூட்டையைக் கொண்டுவந்து இறக்குவார்.

அவர்களுக்கு ஒரே பெண். அவளுக்குப் பெயர் இருந்தது, ஆனால் அந்த மாடியில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் பாப்பாதான். பதினேழு வயதிலும் பாப்பாதான். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒன்பதாம் நாள் முடிந்துவிட்டது. இதற்குமேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை. கடை இரண்டு மாசம் பூட்டிக் கிடந்தது. திறந்தபிறகு மெஷின் சத்தம் வந்தது. பேச்சுச் சத்தம் வரவில்லை.

லேப்டாப் நான் விற்றதுதான். யாரோ ஐந்து வருஷம் உழைத்துவிட்டுத் தள்ளிவிட்டதைத் தட்டிக்கொட்டி, அவள் பதினாலு வயதில் வந்து நின்றபோது கொடுத்தேன். பள்ளிக்கூடத்துக்கு என்று வாங்கினாள். வாங்கின ஒரு மாசத்தில் அதைத் தையல் கடை மேஜையில் வைத்துவிட்டாள். அதுவரைக்கும் வாடிக்கைக்காரர்களின் அளவெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. மாஸ்டர் கையெழுத்து மாஸ்டருக்கே புரியாது. ஒருத்தருடைய இடுப்பை இன்னொருத்தருடைய மார்பாகப் படித்து இரண்டு சட்டை பாழான அன்றைக்கு அவள் நோட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டாளாம். அதிலிருந்து அக்கா டேப்பைப் பிடித்து அளவைச் சொல்வார், பாப்பா தட்டுவாள்.

"அளவு ஃபைலை மட்டும் எடுத்துக் குடுங்க தம்பி, வேற ஒண்ணும் வேண்டாம்," என்றார் மாஸ்டர். யாருடைய அளவு வேண்டும், வந்து நின்றால் மறுபடி எடுத்துக்கொண்டால் போச்சு என்றேன். என் வாய்தான் எனக்குச் சத்துரு. மாஸ்டருக்குப் பின்னால் வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தார், கழுத்தில் டேப்போடு.

"பாப்பா அளவு தம்பி," என்றார் அக்கா. "அதுல இருக்கும். ஊரையே எழுதினவ தன்னை எழுதாம விட்டிருக்க மாட்டா."

மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா போனபிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார், அதில் இருக்காது, அவளுக்கு அளவே எடுத்ததில்லை என்று. வீட்டுப் பிள்ளைக்கு யார் டேப் பிடிப்பார்கள்? அக்கா அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார், துணியில் சாக்பீஸை ஓட்டுவார், வெட்டுவார். அது அப்படியே உடம்பில் உட்காரும். பதினேழு வருஷம் அப்படித்தான்.

"பின்ன எதுக்கு மாஸ்டர் இதைத் தூக்கிட்டு வந்தீங்க?"

"நேத்து அதை மடியில வெச்சுத் தொறந்து தொறந்து மூடிக்கிட்டே இருந்தா. நான் ஏதாவது பண்ணணும் இல்ல?"

சரி, இல்லாத ஒன்றைத் தேடுகிற வேலை. எனக்குப் புதுசு இல்லை. சார்ஜரை மீட்டரில் வைத்தேன், நன்றாக இருந்தது. பேட்டரியைக் கழற்றி, பட்டனை அழுத்திப் பிடித்து, மறுபடி போட்டேன். ஒரு விளக்கும் எரியவில்லை. மெமரியைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். ம்ஹூம். குப்புறப் போட்டேன். நாலு ரப்பர் காலில் ஒன்று எப்போதோ போயிருக்கிறது. அந்த இடத்தில் ஒரு கோட்டு பட்டனை ஒட்டியிருந்தாள். உயரம் இம்மி பிசகவில்லை. திருகுகளைக் கழற்றி மூடியைத் தூக்கினேன்.

விசிறியைச் சுற்றி ஒரு விரல் கனத்துக்குத் துணிப்பஞ்சு. இஸ்திரி மேஜைக்குப் பக்கத்திலேயே மூன்று வருஷம் இருந்தது இல்லையா, அந்தக் கடையில் கத்தரித்த துணியெல்லாம் தூசியாகி இதற்குள்ளே வந்து படிந்திருக்கிறது. முள்வாங்கியால் பிடித்து இழுத்தேன். கிழியாமல் ஒரு துண்டுக் கம்பளி மாதிரி முழுசாக வந்தது. பக்கவாட்டில் பார்த்தால் அடுக்கடுக்காக நிறம். குப்பைக் கூடையில் போடப் போனேன். நடையில் தண்ணீர் பிடிக்க வந்த அக்கா கையை நீட்டினார். கொடுத்தேன். வெளிச்சத்தில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். மேலே இருக்கிற நீலம் போன வருஷத்து யூனிஃபார்ம், அதற்குக் கீழே இருக்கிற சாம்பல் கலர் பெண்கள் பள்ளிக்கூடம் நிறத்தை மாற்றின வருஷம், அடியில் காக்கி என்றார். சொல்லிவிட்டு அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். பஞ்சைப் பார்த்து வருஷம் சொல்கிற ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

போர்டில் கரன்ட் நுழைகிற பக்கம் முழுக்க ஈரத்தில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. கடை பூட்டிக் கிடந்த மாசங்களில் மேல்மாடிப் பல் டாக்டர் கிளினிக்கில் குழாய் ஒழுகியது எனக்குத் தெரியும். என் சுவரிலும் இறங்கியது. மாஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இந்த லேப்டாப் இனி எழுந்திருக்காது, தலைகீழாக நின்றாலும் எழுந்திருக்காது. ஆனால் ஃபைல் இந்தப் போர்டில் இல்லை, இந்தச் சின்னப் பெட்டிக்குள் இருக்கிறது என்று ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் கையில் கொடுத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, உடனே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

டிஸ்க்கைக் கேபிளில் மாட்டி என் கம்ப்யூட்டரில் சொருகினேன். சுற்றியது. அப்பாடா என்பதற்குள் டிக் என்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி டிக். இந்தச் சத்தம் எனக்கு ஆகாது. தேய்ந்துபோன டிஸ்க் படிக்க முடியாத இடத்தில் முட்டிமுட்டித் திரும்புகிற சத்தம் அது. இந்த மாதிரி டிஸ்க்கில் அவசரப்பட்டு ஃபைலைத் திறக்கவே கூடாது. முழு டிஸ்க்கையும் அப்படியே இன்னொன்றில் நகல் எடுக்கவேண்டும். படிக்க முடியாத இடம் வந்தால் தாண்டிப் போய், எல்லாம் முடிந்தபிறகு திரும்பி வந்து கெஞ்சிப் பார்க்கவேண்டும். நகலில்தான் ஃபைலைத் தேடவேண்டும். பக்கத்தில் யாரும் மேஜையை ஆட்டக்கூடாது. எத்தனை நாள் ஆகும் என்று மாஸ்டர் கேட்டார். அது டிஸ்க்கின் இஷ்டம் என்றேன்.

மேஜை ஆடக்கூடாது என்றது அக்கா காதில் விழுந்திருக்கவேண்டும். கோட்டுக்குத் தோளில் வைக்கிற பஞ்சுத் திண்டு இரண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். டிஸ்க்கை அதன்மேல் வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

புதன்கிழமை காலையிலிருந்து மழை. மழை என்றால் எங்கள் கட்டடத்துக்கு யாரும் வரமாட்டார்கள். அக்கா ஒரு கூடையில் கீழ்மடிப்புத் தைக்கிற வேலையை எடுத்துக்கொண்டு வந்து என் கடையில் வாடிக்கைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தார். உட்காரலாமா என்று கேட்கவில்லை, நானும் உட்காருங்கள் என்று சொல்லவில்லை. திரையில் நகல் ஏறுவதைக் காட்டுகிற பச்சைக் கோடு எறும்பு ஊர்கிற மாதிரி நகர்ந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்ப்பார், ஊசியைக் குத்துவார், பார்ப்பார். கடை திறந்த நாளிலிருந்து இந்த ஆறு மாசமாக அக்கா மடிப்பு அடிக்கிறார், ஜிப் மாற்றுகிறார், பிரிந்ததைத் தைக்கிறார். புதுத் துணியை வெட்டி நான் பார்க்கவில்லை. பெண்களுக்கு வருகிற துணியெல்லாம் திருப்பி அனுப்பப்படுகிறது.

நான் கேட்காமலேதான் சொன்னார். யாரிடமோ வேறொரு வீட்டுக் கதையைச் சொல்கிற மாதிரி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கரும்பச்சைத் துணி தம்பி. வெள்ளப் புள்ளி போட்டது. அவளே போய் எடுத்துட்டு வந்தா. முழங்கால் வரைக்கும் வர்ற மாதிரி, முழுக்கை வெச்சுத் தைச்சுக் குடுன்னா. சீசன் முடியட்டும்டின்னேன்."

"ம்."

"மூணு தடவ கேட்டா. மூணு தடவையும் சீசன் முடியட்டும்னேன். ஊர்ப் பிள்ளைங்களுக்கு நானூறு யூனிஃபார்ம் தைச்சேன். இது ஒரு மத்தியான வேலை. பச்சை நூல்கூட அவளே வாங்கி மெஷின் பக்கத்துல வெச்சிருந்தா."

நான் டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். எழுந்து எங்கேயும் போகவில்லை, நின்றேன்.

"சீசன் முடிஞ்ச மறுநாள்தான் காய்ச்சல் வந்துது," என்றார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "இப்ப அதைத் தைக்கணும். தைக்கலாம்னு விரிச்சேன். சாக்பீஸை வெச்சா கை நிக்குது தம்பி. எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. அவ தோள் எவ்வளவுன்னு எனக்குத் தெரியல. பெத்தவளுக்குத் தெரியல பாருங்க. கண்ண மூடிப் பாத்தா மூஞ்சி வருது, உடம்பு வர மாட்டேங்குது."

அழுதால் ஏதாவது சொல்லலாம். அவர் அழவில்லை. அடுத்த பேன்ட்டை எடுத்து மடிப்பைப் பிரிக்க ஆரம்பித்தார். நான் போய் நிஜமாகவே டீ சொல்லிவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, எழுபத்தொரு சதவீதத்தில் கோடு நின்றுவிட்டது. டிக், டிக், டிக் என்று விடாமல் அடித்தது. டிஸ்க்கைக் கழற்றித் தொட்டுப் பார்த்தால் சுட்டது. ஆறட்டும் என்று பஞ்சுத் திண்டிலேயே விட்டு விசிறியைத் திருப்பி வைத்தேன். சத்தம் நின்றதும் எதிரே மெஷின் சத்தமும் நின்றது. மாஸ்டர் எழுந்து வந்தார். அக்கா பட்டன் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்.

போய்விட்டதா என்று கேட்டார். தெரியாது, ஆறினால்தான் தெரியும் என்றேன். அக்கா உட்கார்ந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"தம்பி, பாப்பாவோட பழைய சட்டை ஒண்ணு இருந்தா இந்தப் பாடு தேவையே இல்ல. அதைப் பிரிச்சுப் போட்டு மேல வெச்சு வெட்டிருவா. சுலபமான வேலை."

அவள் துணிமணி என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"நான்தான் குடுத்துட்டேன். அவ அம்மா ஒரு வாரம் எழுந்திரிக்கவே இல்ல, மாத்திரை போட்டுப் படுத்திருந்தா. என் தங்கச்சி வந்திருந்தா. கண்ணுல படாம இருந்தா மனசு ஆறும்னா. எனக்கும் சரின்னு பட்டுது. ரெண்டு பேரும் மூட்டை கட்டினோம். பழைய துணி சேக்குறவங்க வண்டி வந்துது, ஏத்தி விட்டேன். உள்பாவாடை வரைக்கும் போச்சு. பீரோவுல ஒரு கைக்குட்டை மிச்சமில்ல."

எங்கே கொடுத்தீர்கள், போய்க் கேட்கலாமே என்றேன். போய்க் கேட்டிருக்கிறார். இரண்டு தடவை. எந்த மூட்டை எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

"அவ எழுந்து வந்து பீரோவத் தொறந்தா. மூடினா. என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. சண்டை போட்டிருந்தா பரவாயில்ல. அன்னிலேர்ந்து நூல் தீந்துபோச்சு, கரன்ட் வந்துருச்சு, கடைய சாத்துங்க. இவ்வளவுதான் எங்க பேச்சு."

அவருடைய தைக்கிற விரலில் ஊசி குத்திக் குத்திக் கருத்துப்போன தழும்பு. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு இந்த ஆள்மேல் ஆத்திரமாகத்தான் வந்தது. ஒரு சட்டையை வைத்துக்கொள்ளத் தோன்றாதா, தையல்காரர்தானே நீர் என்று கேட்டுவிடலாம் போலிருந்தது. ஆனால் அதை அவரே தினமும் கேட்டுக்கொண்டிருப்பது முகத்தில் தெரிந்தது. வாயைக் கட்டிக்கொண்டேன்.

மத்தியானம் டிஸ்க்கை மறுபடி சொருகினேன். இந்தத் தடவை பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகப் படிக்கவிட்டேன். சில சமயம் முரண்டு பிடிக்கிற டிஸ்க் அப்படி வழிக்கு வரும். வந்தது. கோடு நகர்ந்தது. நானும் இடத்தைவிட்டு நகரவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் தொண்ணூற்றாறில் நின்றுபோயிற்று. மிச்சம் நாலு எத்தனை கெஞ்சியும் வரவில்லை. போதும் என்று நகலைத் திறந்தேன். அவளுடைய பள்ளிக்கூடப் பாடங்கள் இருந்தன, பாதிப் படங்கள் உடைந்திருந்தன. 'கடை' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் 'அளவு' என்று ஒரே ஒரு ஃபைல். திறப்பதற்கு முன்னால் இரண்டு பேரையும் கூப்பிட்டேன். என் நாற்காலிக்கு வலப்பக்கம் அக்கா, இடப்பக்கம் மாஸ்டர். நடுவில் நான், மாட்டிக்கொண்ட மாதிரி.

ஃபைல் திறந்தது. முந்நூற்று நாற்பத்திரண்டு வரி. ஒவ்வொரு வரியிலும் ஆள், தோள், மார்பு, இடுப்பு, கை, உயரம், கடைசியில் குறிப்பு. பெயர் யாருக்கும் இல்லை. கடையில் எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படியே எழுதியிருந்தாள். மீசை சார். குறிப்பு: அளவு எடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடிப்பார், இடுப்பில் இரண்டு இஞ்ச் கூட்டவும். பேங்க் அக்கா. குறிப்பு: இறுக்கமாகக் கேட்பார், போட்டுப் பார்த்துத் திட்டுவார், இறுக்க வேண்டாம். நான் வாய்விட்டுப் படித்துக்கொண்டு போனேன். இந்த மாடிக்கு வருகிறவர்களையெல்லாம் புட்டுப்புட்டு வைத்திருக்கிறாள். எதிர்க்கடை மாமா என்று ஒரு வரி வந்தது, நான்தான். குறிப்பு: தொப்பை இல்லை என்பார், வாதாட வேண்டாம். மாஸ்டர் மூக்கால் ஒரு சத்தம் விட்டார். சிரிப்பா என்று திரும்பிப் பார்ப்பதற்குள் முகம் பழையபடி ஆகிவிட்டது.

குழந்தைகள் வரிகளில் மட்டும் வேடிக்கை இல்லை. எல்லாவற்றிலும் ஒன்றையே எழுதியிருந்தாள்: வளர்கிற பிள்ளை, உள்ளே துணி விடவும். பேங்க் அக்கா பையன், வளர்கிற பிள்ளை, உள்ளே துணி விடவும். ரொட்டிக் கடைக்காரர் சின்னப் பெண், வளர்கிற பிள்ளை, உள்ளே துணி விடவும். எனக்கும் இது தெரியும்; எதிர்க்கடையில் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். பிள்ளைகளுக்குத் தைக்கும்போது ஓரத்துத் துணியை ஒட்ட வெட்டமாட்டார்கள். ஒரு இஞ்ச், ஒன்றரை இஞ்ச் உள்ளே மடித்து விட்டுத் தைப்பார்கள். அடுத்த வருஷம் பிள்ளை வளர்ந்து நின்றால் தையலைப் பிரித்து, உள்ளே இருப்பதை வெளியே விட்டுக்கொள்ளலாம்.

'பாப்பா' என்று தட்டித் தேடச் சொன்னேன் கம்ப்யூட்டரை. இல்லை என்றது. 'நான்' என்று தேடினேன். அவளுடைய நிஜப் பெயரைப் போட்டுத் தேடினேன். இல்லை. மாஸ்டர் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். நான்தான் சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. அவ்வளவு நல்ல மனுஷர்தான்.

"இல்லக்கா," என்றேன். "எல்லா வரியும் தேடியாச்சு."

அக்கா சரி என்று தலையாட்டினார். போகவில்லை. கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். பிறகு திரையின் உச்சியை விரலால் தொட்டார்.

"மொத வரிய நீங்க படிக்கவே இல்லையே தம்பி."

முதல் வரியில் ஆள் என்ற இடத்தில் 'சோதனை' என்று இருந்தது. குறிப்பு காலி. எந்த ஃபைலிலும் அப்படித்தான் இருக்கும், புதுசாகச் செய்கிறவர்கள் சரியாக வருகிறதா என்று பார்க்க வாய்க்கு வந்த எண்ணைத் தட்டி வைப்பார்கள், அது ஆள் இல்லை என்று விளக்கினேன். என் தொழில் எனக்குத் தெரியாதா? இதுமாதிரி ஆயிரம் வரியை நான் தாண்டிப் போயிருக்கிறேன்.

"படிங்க," என்றார்.

"தோள் பதிமூணரை. மார்பு முப்பது. இடுப்பு இருபத்தஞ்சு. கை, வலது இருபதரை, இடது இருபது..."

"நில்லுங்க."

நின்றேன்.

"வாய்க்கு வந்ததத் தட்டுறவங்க ரெண்டு கைக்கும் ரெண்டு அளவு போடுவாங்களா?"

பட்டியலை உருட்டிப் பார்த்தேன். மற்ற முந்நூற்று நாற்பத்தோரு வரியிலும் கைக்கு ஒரே எண்தான்.

"மூணாங்கிளாஸ் படிக்கறப்ப மரத்துலேர்ந்து விழுந்து இடது முழங்கை ஒடிஞ்சுது. கட்டு பிரிச்சப்புறம் அந்தக் கை முழுசா நீளல. அரை இஞ்ச்தான், யாருக்கும் தெரியாது. நான் இடது கைய மட்டும் அரை இஞ்ச் குறைச்சு வெட்டுவேன். அவகிட்ட சொன்னதில்ல, மனசுல வெச்சுக்குவான்னு. அவளுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

மாஸ்டர் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். நாற்காலி ஆடியது.

"நான் சொன்னேன்," என்றார். "நான்தான் டேப் பிடிச்சேன்."

அக்கா அவர் பக்கம் திரும்பினார். நான் பார்த்து, ஆறு மாசத்தில் முதல் தடவை.

"கம்ப்யூட்டர் வாங்கின புதுசுல. நீ எங்கேயோ போயிருந்த, லைனிங் துணி வாங்கவோ எதுக்கோ. ஒரு ஆள் அளவு வேணும்ப்பா, பெட்டி சரியா வேல செய்யுதான்னு பாக்கணும்னா. சட்டுன்னு எடுத்தேன். இடது கைய எடுத்தப்ப, உங்கம்மா இதை அரை இஞ்ச் கம்மியா வெட்டுவா, ரெண்டையும் போட்டுக்கோன்னேன். சிரிச்சா. எனக்குத் தெரியும்ப்பா, தெரிஞ்ச மாதிரி காட்டிக்க மாட்டேன், நீயும் சொல்லாதன்னா. சுத்தமா மறந்தே போயிருந்தேன். எடுத்ததில்லன்னு இந்தத் தம்பிகிட்டயே சொன்னேன்."

மேல்மாடியில் பல் டாக்டரின் மெஷின் ஓடி நின்றது.

கிடைத்துவிட்டது, எழுதிக்கொடுத்துவிடலாம் என்று பேப்பரை எடுத்தேன். அக்கா திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"இது பதினாலு வயசு. இது இப்ப ஆகாது," என்றார்.

அதை நான் யோசிக்கவே இல்லை. மூன்று நாள் பாடுபட்டு எடுத்ததெல்லாம் மூன்று வருஷத்துக்கு முந்தின பிள்ளை. அடக் கடவுளே என்று வாய்வரை வந்தது, விழுங்கினேன். அப்போது மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கடையில் ஆள் வந்து நின்றால் எந்தக் குரலில் கேட்பாரோ அந்தக் குரலில் கேட்டார்:

"தோள்?"

அக்கா திரையில் இருந்த பதிமூன்றரையைப் பார்த்தார். அவர் கை தானாகக் கழுத்திலிருந்த டேப்பைப் பிடித்தது.

"பதினாலு. கால் இஞ்ச் வலது பக்கம் கூட வரும், பை மாட்டிப் பழக்கம்."

நான் தட்டப் போனேன். பழைய எண்ணின் மேலேயே தட்டுவதுதான் அந்தக் கடை வழக்கம். புது அளவு எடுத்தால் பழையதை அழித்துவிடவேண்டும், இல்லாவிட்டால் கண் தப்பிப் பழையதை வெட்டிவிடுவோம் என்பது மாஸ்டர் சட்டம். அக்கா என் கையைத் தடுத்தார்.

"அதை அழிக்காதீங்க. கடைசில புதுசா போடுங்க."

முந்நூற்று நாற்பத்து மூன்றாவது வரிக்குப் போனேன். ஆள் என்ற இடத்தில் என்ன போடட்டும் என்று கேட்டேன். பாப்பா என்றார்.

"மார்பு?" என்றார் மாஸ்டர்.

"முப்பத்தி ரெண்டு."

"இடுப்பு?"

"இருபத்தி ஆறு. இல்ல, பரீட்சைக்குப் படிக்கிறேன்னு சாப்பிடாம இளைச்சா. இருபத்தஞ்சரை."

"கை?"

"வலது இருபத்தி ரெண்டு. இடது இருபத்தி ஒண்ணரை."

அவர் கேட்டார், இவர் சொன்னார், நான் தட்டினேன். எண்கள் தயங்காமல் வந்தன. அக்காவின் கண் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. எனக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற உயரத்தில் நிலைகுத்தியிருந்தது. உயரம் என்று மாஸ்டர் கேட்டபோது மட்டும் கொஞ்சம் நேரமானது. தோளிலிருந்து முழங்கால் வரைக்கும் பார்வை இறங்கியது.

"முப்பத்தி ஒம்பது," என்றார். "அவ்வளவுதான்."

எல்லாக் கட்டத்தையும் நிரப்பியாயிற்று. கடைசிக் கட்டத்தில் கோடு மினுக்கிக்கொண்டிருந்தது. வேலை செய்கிறவன் புத்தி, காலி இடம் இருந்தால் கேட்கத் தோன்றுகிறது. குறிப்பு என்ன போடட்டும் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

அக்கா டேப்பை விரலில் சுற்றிச் சுற்றி முடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"உள்ள துணி விட வேண்டாம்னு போடுங்க."

போட்டேன். அவர் நடையைத் தாண்டிப் போனார். மாஸ்டரும் பின்னாலேயே போனார்.

என் கதவு திறந்தே இருந்தது. அக்கா அலமாரியின் மேல்தட்டிலிருந்து கரும்பச்சைத் துணியை எடுத்தார். மாஸ்டர் மேஜையின் மறுபக்கம் போய் நின்று ஓரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டார். சாக்பீஸ் நிற்காமல் ஓடியது. தோள், கை, இடுப்பு, முழங்கால். பிறகு அக்கா கத்தரியை எடுத்து, தையலுக்கு வேண்டிய கால் இஞ்ச் போக மிச்சத்தையெல்லாம் கோட்டை ஒட்டி வெட்டினார். ஓரத்துத் துணி நீளமாக மேஜையிலிருந்து நழுவி மாஸ்டர் காலடியில் விழுந்தது. அவர் குனிந்து அதை எடுத்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.